வாசகர் கேள்விகள்: பப்போவ் என்னும் குடும்பப் பெயர்

கம்பியில்லாத் தந்தியின் தொடக்க காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், ரஷ்ய இயற்பியலாளர் அலெக்சாந்தர் ஸ்தெப்பானவிச் பப்போவைக் குறிப்பிட்டு, அவருடைய குடும்பப் பெயருக்குப் 'பாதிரியாருடைய' என்று பொருள் எனப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லைத் தொட்டே பல கடிதங்கள் வந்துவிட்டன. ஒரு பெயருக்குப் பின்னால் எத்தனை தலைமுறைகளின் வாழ்க்கை மடிந்து கிடக்கிறது என்பதில் எனக்கு நெடுநாளாக ஈடுபாடு உண்டு. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தப் பெயருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பள்ளிப் பாடநூலில் 'போபோவ்' என்று படித்ததாக நினைவு. நீங்கள் 'பப்போவ்' என்று எழுதுகிறீர்கள். எது சரியானது? (மதுரை வாசகர்)

பதில்: ரஷ்ய எழுத்தில் இப்பெயரின் இரண்டு அசைகளிலும் ஒகரத்துக்கான எழுத்தே இருக்கிறது. ஆனால் பேசும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. அழுத்தம் பெறாத ஒகரம் ரஷ்ய மொழியில் அகரத்தை நெருங்கி ஒலிக்கும். சொல்லின் இறுதியில் வரும் வகரமோ ஏறக்குறைய 'ஃப்' ஆகிவிடும். எனவே ஒரு மாஸ்கோவாசியின் வாயில் இது 'பப்போஃப்' என்றே கேட்கும். தமிழில் 'போபோவ்' என்று எழுதினால், நடுவிலுள்ள பகரத்தை நாம் 'கோபம்' என்ற சொல்லில் ஒலிப்பதுபோல மெலிந்த ஒலியாகவே படிப்போம். ரஷ்யப் பெயரில் இருப்பதோ வல்லொலி. அதைக் காப்பதற்காகவே பகரத்தை இரட்டிக்கிறேன். இறுதியில் 'ஃப்' என்று எழுதாமல் வகரத்தை வைத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு: பெண்களுக்கு இப்பெயர் 'பப்போவா' என்று வரும்போது அந்த வகரம் தெளிவாக வெளிப்பட்டுவிடுகிறது. 'போப்போவ்' என்று எழுதுகிறவர்கள் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுகிறார்கள். அதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன்.

கேள்வி: பாதிரியாருடைய மகன் என்பது பொருளானால், பாதிரியாருக்கு மகன் எப்படி இருக்க முடியும்? கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள் என்பதால் இந்தக் கேள்வி எழுகிறது. (நாகர்கோவில் வாசகி)

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இது. ரஷ்யர்கள் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஊர்க்கோயில்களின் பங்குக் குருக்கள் மணமானவர்களாக இருப்பதே வழக்கம். ஆனால் குருப்பட்டம் பெறுவதற்கு முன்பே திருமணம் முடிந்துவிட வேண்டும். பட்டம் பெற்ற பின்னர் மணம் செய்துகொள்ள முடியாது. மனைவி இறந்தாலும் மறுமணம் கிடையாது. ஆயர்கள் மட்டும் மணமாகாத துறவிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆக, ரஷ்யக் கிராமம் ஒன்றில் பாதிரியாரின் வீடு என்பது மனைவியும் பல குழந்தைகளும் மாடும் தோட்டமும் கொண்ட ஒரு குடும்பம்தான். அந்த வீட்டுப் பிள்ளையை ஊரார் 'பாதிரியாருடைய பையன்' என்று சுட்டுவது இயல்பே.

'பப்போவ்' என்பதன் வேர்ச்சொல் 'போப்'. இது கிரேக்க மொழியில் தந்தையைக் குழந்தை அழைக்கும் சொல்லிலிருந்து பிறந்து, அந்த மொழித் திருச்சபையில் குருவைக் குறித்து, பின்னர் ஸ்லாவிய மொழிகளுக்குள் வந்தது. கீவ் அரசர் விளதீமிர் 988இல் கிறித்தவத்தை ஏற்றதிலிருந்து பல நூற்றாண்டுகள் அது எவ்விதத் தாழ்வும் இல்லாத சாதாரணச் சொல்லாகவே புழங்கியது. 'பப்போவ்' என்ற பெயர் உருவாகிப் பரவியதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் படித்தவர்களின் பேச்சில் அச்சொல் மெல்ல மெல்ல இளக்காரமான தொனி பெற்றது. கவிஞர் பூஷ்கின் 1830இல் ஒரு பேராசைக்காரப் 'போப்'பையும் அவருடைய வேலையாளையும் வைத்து ஒரு கதைப்பாடல் எழுதினார். அவர் மறைந்த பின் 1840இல் அதை அச்சுக்குக் கொடுத்த கவிஞர் ஷுக்கோவ்ஸ்கி, தணிக்கைக்குத் தப்புவதற்காக அந்தப் பாத்திரத்தையே வணிகராக மாற்றிவிட்டார். இன்று ரஷ்யாவில் ஒரு குருவை நேரில் 'போப்' என்று அழைப்பது அவமதிப்பாகும். 'பாத்யுஷ்கா', அதாவது 'அன்புத் தந்தையே', என்றுதான் அழைப்பார்கள். வேர்ச்சொல் மதிப்பிழந்தும் அதிலிருந்து பிறந்த குடும்பப் பெயருக்கு எந்தக் களங்கமும் ஒட்டவில்லை.

கேள்வி: அப்படியானால் பப்போவ் என்ற பெயருடைய அனைவரும் குருமார் வம்சத்தைச் சேர்ந்தவர்கள் என்று கொள்ளலாமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: கொள்ளக்கூடாது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படியொரு முடிவுக்கே வந்திருப்பதால், இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்கிறேன். அதற்கு முதலில் அந்தப் பெயரின் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும்.

இவானவ், பெத்ரோவ், பப்போவ் என்று ரஷ்யப் பெயர்களின் இறுதியில் வரும் விகுதி, 'யாருடைய?' என்ற கேள்விக்கு விடை. நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமைக்குச் சொல்லும் கிழமைப் பொருளை அங்கே ஒரு பெயரடை தாங்கி நிற்கிறது. மகன் என்ற சொல் தொடக்கத்தில் சேர்ந்தே வந்தது: 'பப்போவ் சின்', அதாவது பாதிரியாருடைய மகன். காலப்போக்கில் 'மகன்' உதிர்ந்து 'பாதிரியாருடைய' என்பது மட்டும் பெயராக நின்றது. கிழமைப் பொருளுக்கு மகன் என்ற உறவு மட்டுமே அடங்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான். பாதிரியாரின் நிலத்தில் கூலிக்கு உழுதவனும், அவர் வீட்டில் வளர்ந்த அநாதைப் பிள்ளையும் 'பாதிரியாருடைய' ஆள்தான். ஊரார் அவனைச் சுட்டிய அந்தச் சொல்லே பதிவேட்டில் ஏறி, அவன் பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகியிருக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. பழைய ரஷ்யாவில் ஞானஸ்நானப் பெயரோடு, வீட்டிலும் ஊரிலும் வழங்கும் இன்னொரு பெயரும் ஒருவருக்கு இருந்தது. ஓநாய், கரடி, உறைபனி என்றெல்லாம் அப்பெயர்கள் இருந்தன. 'போப்' என்பதும் அவற்றுள் ஒன்று. பக்தி மிகுந்தவனுக்கோ, குருவைப்போல நீட்டி முழக்கிப் பேசுகிறவனுக்கோ அப்படிப் பட்டப்பெயர் அமைந்திருக்கும். அவனுடைய மகனும் 'பப்போவ்'தான். அவனுக்கும் பலிபீடத்துக்கும் தொடர்பே இல்லாமலிருக்கலாம்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. எனக்கு மிகவும் சுவையாகப் படுவது அதுதான். உண்மையான குருமாரின் பிள்ளைகள் பலருக்குப் 'பப்போவ்' என்ற பெயரே வாய்க்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யக் குருமார் ஏறக்குறைய ஒரு மூடிய பிரிவாகவே ஆகிவிட்டனர். பாதிரியாரின் மகன் குருமடத்தில் படித்து, இன்னொரு பாதிரியாரின் மகளை மணந்து, பெரும்பாலும் தந்தையோ மாமனாரோ விட்டுச்சென்ற கோயிலில் பொறுப்பேற்பான். அப்படிக் குருமடத்தில் சேரும் சிறுவர்களுக்கு அங்கேயே புதிய குடும்பப் பெயர் சூட்டும் வழக்கம் வந்தது. ஒரே வகுப்பில் பத்துப் பப்போவ்கள் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? தந்தை பணிபுரிந்த கோயிலின் பெயரால் மூவொரு இறைவனைக் குறிக்கும் திரோயித்ஸ்கி, மரியன்னையின் துயிலைக் குறிக்கும் உஸ்பேன்ஸ்கி, உருமாற்றத் திருவிழாவைக் குறிக்கும் ப்ரிஅபிரஷேன்ஸ்கி என்றெல்லாம் பெயர்கள் சூட்டினார்கள். மாணவனின் குணத்தைப் பார்த்து லத்தீனிலும் கிரேக்கத்திலும் பெயர் தேடியவர்களும் உண்டு. முதலாம் அலெக்சாந்தர் பேரரசரின் ஆலோசகராக உயர்ந்து, பின்னர் ரஷ்யச் சட்டங்களைத் தொகுத்த மிஹயீல் ஸ்பிரான்ஸ்கி 1772இல் விளதீமிர் மாகாணத்துச் சிற்றூரொன்றில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். தந்தைக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. குருமடத்தில் சேர்த்தபோது, 'நம்பு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து மகனுக்கு ஸ்பிரான்ஸ்கி என்று பெயரிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த வழக்கம் நீடித்தது. ஒரே தந்தைக்குப் பிறந்த அண்ணன் தம்பிகள் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு வாழ்ந்ததற்கும் அதுவே காரணம்.

ஆகவே ஒரு ரஷ்யரின் பெயர் உஸ்பேன்ஸ்கி என்றிருந்தால் அவருடைய முன்னோர் குருமடத்தில் படித்தவர் என்று ஓரளவு துணிந்து ஊகிக்கலாம். பப்போவ் என்றிருந்தால் அவ்வளவு துணிவு கூடாது.

குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே ரஷ்யாவில் எல்லாருக்கும் ஒரே காலத்தில் வந்துவிடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதலில் பிரபுக்கள், பின்னர் வணிகர்களும் அலுவலர்களும், கடைசியில் விவசாயிகள் என்று அது படிப்படியாக இறங்கியது. பண்ணையடிமை முறை 1861இல் ஒழிக்கப்பட்ட பிறகுதான் கோடிக்கணக்கான விவசாயிகளுக்கு நிலையான பெயர் தேவைப்பட்டது. குடும்பப் பெயர் வைத்திருப்பது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று பேரரசின் செனட் 1888இல் அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரை எத்தனை பேர் பெயரின்றி இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பப்போவ் இன்று ரஷ்யாவில் மிகப் பரவலான பத்துக் குடும்பப் பெயர்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆனால் நாடெங்கும் அது ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. வெண்கடலை ஒட்டிய ஆர்க்கங்கெல்ஸ்க் பகுதியிலும் பொதுவாக வடக்கிலும் அதன் அடர்த்தி மிகுதி. அந்த வடபகுதிகளில் பண்ணையடிமை முறை வேரூன்றவில்லை. ஊர்மக்களே தங்களுக்குள் எழுத்தறிந்த ஒருவரைக் குருவாகத் தேர்ந்தெடுத்து ஆயரிடம் அனுப்பும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எனவே பாதிரியார் என்பவர் வெளியிலிருந்து வந்த தனிப்பிரிவினர் அல்லர். பக்கத்து வீட்டு விவசாயிதான். அவருடைய பிள்ளைகளும் விவசாயத்துக்கே திரும்பினார்கள். ஆனால் 'பாதிரியாருடைய' என்ற பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. பெயராய்வாளர்கள் தரும் இந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

கேள்வி: வானொலியைக் கண்டுபிடித்த பப்போவ், குருமார் குடும்பத்தவரா? அவர் இறந்த ஆண்டு ஒரு நூலில் 1905 என்றும் இன்னொன்றில் 1906 என்றும் இருக்கிறதே? (திருச்சி வாசகர்)

பதில்: ஆம், இவர் விஷயத்தில் பெயரும் பிறப்பும் முழுவதுமாகப் பொருந்துகின்றன. அலெக்சாந்தர் ஸ்தெப்பானவிச் பப்போவ் 1859 மார்ச் 16 அன்று, யூரல் மலைப்பகுதியில் துரீன்ஸ்கியே ருத்னிக்கி என்ற சுரங்கக் குடியிருப்பில், அவ்வூர்ப் பாதிரியாரின் ஏழு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். இன்று அந்த ஊரின் பெயர் க்ரஸ்னதுரின்ஸ்க். பெரிய குடும்பம், சிறிய வருமானம்; குருமாரின் பிள்ளைகளுக்குத் திருச்சபைப் பள்ளிகளில்தான் கட்டணமின்றிப் படிக்க முடியும் என்பதால் அவரும் அந்த வழியிலேயே அனுப்பப்பட்டுப் பெர்ம் நகரத்துக் குருமடம் வரை சென்றார். ஆனால் கணிதமும் இயற்பியலும் அவரை இழுத்தன. 1877இல் குருமடத்தை விட்டு நீங்கிப் புனித பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ரஸான் நகரத்துப் பாதிரியாரின் மகனான இவான் பாவ்லவ் என்ற உடலியலாளர், பின்னாளில் 1904இல் நோபல் பரிசு பெற்றவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1870இல், குருமடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதே பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். 1867, 1869ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் கோயில் பொறுப்புகள் பரம்பரையாக இறங்குவதை நிறுத்தி, குருமாரின் பிள்ளைகளைத் தந்தையின் பிரிவிலிருந்து விடுவித்திருந்தன. மூடியிருந்த கதவு திறந்ததும் அந்த வீடுகளிலிருந்து மருத்துவர்களும் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் எவ்வளவு விரைவாக வெளிவந்தார்கள் என்பது 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொடும் பகுதி.

பட்டம் பெற்ற பின் பப்போவ், பீட்டர்ஸ்பர்க்குக்கு எதிரேயுள்ள தீவுக்கோட்டையான க்ரோன்ஷ்தாத்தில், கடற்படை அதிகாரிகளுக்குரிய பள்ளியில் ஆசிரியரானார். 1895 மே 7 அன்று ரஷ்ய இயற்பியல், வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் மின்காந்த அலைகளை உணரும் ஒரு கருவியை இயக்கிக் காட்டினார். தொலைவில் வெட்டும் மின்னலையும் அது மணியடித்துத் தெரிவித்தது. 1899 இறுதியில் 'ஜெனரல் அட்மிரல் அப்ராக்சின்' என்ற போர்க்கப்பல் பின்லாந்து வளைகுடாவின் ஹோக்லாந்து தீவருகே பாறையில் மோதித் தட்டிநின்றபோது, அத்தீவுக்கும் 40 கிலோமீட்டருக்கு அப்பால் கரையோரத்திலிருந்த கொத்கா நகருக்கும் இடையே அவர் அமைத்த கம்பியில்லாத் தொடர்பு 1900இன் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. பனிப்பாளத்தோடு கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்ட மீனவர்களைக் காப்பாற்ற 'யெர்மாக்' என்ற பனியுடைப்புக் கப்பலை அனுப்பச் சொல்லும் செய்தி அந்த வழியே போனது.

'கண்டுபிடித்தவர்' என்ற சொல்லை நான் இவருக்குப் பயன்படுத்துவதில்லை. ஜெர்மனியில் ஹெர்ட்ஸ், பிரான்சில் பிரான்லி, இங்கிலாந்தில் லாட்ஜ், கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் எனப் பலரும் அதே அலைகளோடு உழைத்த காலம் அது. மார்க்கோனி தம் காப்புரிமை விண்ணப்பத்தை 1896 ஜூனில் பதிந்தார். 1895இல் இயக்கிக் காட்டிய கருவிக்குப் பப்போவ் காப்புரிமை தேடவில்லை. ரஷ்யர்கள் மே 7ஆம் நாளை 1945 முதல் வானொலி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பெருமைக்கு அவர் தகுதியானவரே. மற்றவர்களுடைய பங்கைக் குறைத்துத்தான் அவரை உயர்த்த வேண்டும் என்பதில்லை.

இறப்பு ஆண்டில் தோன்றும் வேறுபாட்டுக்குக் காரணம் நாட்காட்டி. ரஷ்யா 1918 வரை ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. 20ஆம் நூற்றாண்டில் அது நம் நாட்காட்டிக்கு 13 நாள் பின்தங்கியிருந்தது. மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு அவர் இறந்த நாள் அவருடைய ஊர்க்கணக்கில் 1905 டிசம்பர் 31. நம் கணக்கில் 1906 ஜனவரி 13. இரண்டு நூல்களுமே சரிதான்.

கேள்வி: ஓவியர் லியுபோவ் பப்போவா அவருக்கு உறவினரா? பெண்களுக்கு ஏன் பெயரின் இறுதி மாறுகிறது? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: உறவினர் அல்லர். அவர் 1889இல் மாஸ்கோவுக்கு அருகே ஒரு செல்வந்தத் துணி வணிகரின் மகளாகப் பிறந்தவர். பாரிசில் கியூபிச ஓவியர்களிடம் பயின்று திரும்பி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும் வண்ணத் தளங்களால் ஆன ஓவியங்களை வரைந்து, ரஷ்யப் புதுமை ஓவியத்தின் முன்வரிசைக்கு வந்தார். 1922இல் இயக்குநர் மேயர்ஹோல்டின் நாடகமொன்றுக்குச் சக்கரங்களும் ஏணிகளுமாக அவர் அமைத்த மேடை பெரும் புகழ் பெற்றது. வாழ்வின் கடைசி ஆண்டில் மாஸ்கோவின் அரசுத் துணி அச்சாலைக்குத் துணிகளில் அச்சிடும் கோலங்கள் வரைந்து கொடுத்தார். 1924 மே மாதம் செங்காய்ச்சலில் முதலில் அவருடைய சிறு மகனும், சில நாட்களுக்குள் அவரும் இறந்தனர். அப்போது அவருக்கு வயது 35.

பெயரின் இறுதி மாறுவதற்கு முன்னர்ச் சொன்ன இலக்கணமே காரணம். பெயரடை, தான் தழுவும் சொல்லின் பாலை ஏற்க வேண்டும். 'பாதிரியாருடைய மகன்' பப்போவ். 'பாதிரியாருடைய மகள்' பப்போவா. குடும்பத்தை மொத்தமாகச் சொன்னால் 'பப்போவி'. வேர் தேய்ந்து வெறும் பெயராகிவிட்ட பின்னும் அந்த இலக்கண உணர்வு ரஷ்ய மொழியில் உயிரோடிருக்கிறது. ஆகவே ஒரு ரஷ்யப் பெண்மணியைத் 'திருமதி பப்போவ்' என்று தமிழில் எழுதுவது பிழை.

கேள்வி: திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப் அவர்களின் பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அல்லது ஒலி ஒற்றுமை மட்டும்தானா? (சென்னை வாசகர்)

பதில்: வேரில் தொடர்பு உண்டு; பொருளில் இல்லை. அதே கிரேக்கச் சொல் லத்தீனுக்குச் சென்று 'பாப்பா' ஆகி, மேற்குத் திருச்சபையில் உரோமை ஆயருக்கே உரிய பட்டமாகச் சுருங்கியது. நாம் போப்பாண்டவர் என்றும் பாப்பரசர் என்றும் சொல்வது அந்தக் கிளையின் வழியே வந்தது. ஆங்கிலத்தில் 'போப்' என்ற குடும்பப் பெயர், ஒருவரின் தோரணையையோ நாடகத்தில் அவர் ஏற்ற வேடத்தையோ வைத்து அமைந்த பட்டப்பெயரிலிருந்து பிறந்தது என்பர். உரோமை ஆயரின் வழித்தோன்றல் என்ற பொருள் அதற்குக் கிடையாது. கிழக்குத் திருச்சபையிலோ அச்சொல் சாதாரண ஊர்ப் பாதிரியாரையே குறித்தது. ஒரே தாய்ச்சொல்லின் ஒரு கிளை உரோமின் உச்சியில் அமர, மறு கிளை வெண்கடலோரக் குடிசைகளில் தங்கிவிட்டது. 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட அந்தப் பெரியவர் தாமே ஒரு சமயகுரு என்பது தற்செயலான பொருத்தம்.

கேள்வி: பப்போவிச், பப்பெஸ்கு, பாப்பதோபூலோஸ் ஆகிய பெயர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையா? பப்போவ் என்றாலே ரஷ்யர்தானா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: மூன்றும் இதே பொருள் கொண்டவை. கிரேக்கத்தில் மிகப் பரவலாக வழங்கும் பாப்பதோபூலோஸ் என்பதற்கு நேர்ப்பொருள் குருவின் மகன். ருமேனியாவில் பப்பெஸ்கு, செர்பியாவில் பப்போவிச், உக்ரைனில் பப்போவிச், பப்பேன்கோ ஆகியன உள்ளன. ரஷ்ய வீரகதைப் பாடல்களின் மூன்று பெருவீரர்களுள் இளையவனான அல்யோஷா பப்போவிச், பெயரிலேயே குருவின் மகன் என்ற அடையாளத்தைத் தாங்கியவன். ஓவியர் வஸ்நித்சோவ் 1898இல் முடித்து, இன்று மாஸ்கோவின் திரெத்யாகோவ் கூடத்திலிருக்கும் புகழ்பெற்ற ஓவியத்தில் மூவரும் குதிரைமேல் நிற்கிறார்கள். வில்லேந்தி வலப்பக்கம் நிற்பவன் அல்யோஷா. 1962 ஆகஸ்டில் வஸ்தோக் 4 விண்கலத்தில் பறந்த பாவெல் பப்போவிச், கீவ் அருகே பிறந்த உக்ரைனியர்.

பப்போவ் என்றாலே ரஷ்யர் என்று எண்ணுவதும் தவறு. பல்கேரியாவிலும் இப்பெயர் மிகச் சாதாரணம். ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த வழக்கில் 1933இல் லைப்சிக் நகரில் பல்கேரியப் பொதுவுடைமைத் தலைவர் திமித்ரோவோடு நிறுத்தப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்ட பிளகோய் பப்போவ் பல்கேரியர். அந்நாட்டில் 1990 இறுதி முதல் ஏறக்குறைய ஓராண்டு பிரதமராக இருந்தவர் திமீத்தர் பப்போவ். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியருக்கு உளவாளியாகக் காட்டிக்கொண்டு பிரிட்டனுக்காகப் பணிபுரிந்த தூஷான் பப்போவ் ஒரு செர்பியர். மாஸ்கோ நகரமக்கள் 1991இல் மேயராகத் தேர்ந்தெடுத்த பொருளியலாளர் கவ்ரியீல் பப்போவ் மாஸ்கோவிலேயே பிறந்தவர். ஆனால் கிரேக்க வம்சாவளியினர். வேர்ச்சொல் பிறந்த மொழியினர் ஒருவர், அதன் ரஷ்ய வடிவத்தைத் தாங்கி மாஸ்கோவை ஆண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

கேள்வி: கோயிலோடு தொடர்புடைய வேறு ரஷ்யக் குடும்பப் பெயர்களும் உண்டா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: நிறைய உண்டு. தலைமைக் குருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து புரத்தப்போப்பவ். பேரரசின் கடைசி உள்துறை அமைச்சர் அந்தப் பெயர் கொண்டவர், 1964லும் 1968லும் ஒலிம்பிக் பனிச்சறுக்கின் இணையர் போட்டியில் தம் மனைவியோடு தங்கம் வென்ற அலெக் புரத்தப்போப்பவும் அப்படியே. உங்கள் ஊர்ப்பக்கம் கோயில்பிள்ளை என்பீர்களே, மணியடித்து விளக்கேற்றும் அந்தப் பணியாளர் ரஷ்யத்தில் 'பனமார்', அதிலிருந்து பனமர்யோவ். திருத்தொண்டரிலிருந்து தியாக்கனவ். திருவிருந்துக்கான அப்பம் சுடும் பெண்ணிலிருந்து, பெரும்பாலும் பாதிரியாரின் கைம்பெண்ணுக்கே அந்தப் பணி கிடைக்கும், ப்ரஸ்வீர்னின். குருப்பட்டம் பறிக்கப்பட்டவருக்கும் ஒரு சொல் இருந்தது. அதிலிருந்து பிறந்த பெயர் ரஸ்போப்பவ். தந்தையின் வீழ்ச்சியையும் பிள்ளைகள் பெயராகச் சுமக்க நேர்ந்திருக்கிறது.

கேள்வி: விளையாட்டிலும் கலையிலும் புகழ்பெற்ற பப்போவ்கள் யார்? (சேலம் வாசகர்)

பதில்: நீச்சல் வீரர் அலெக்சாந்தர் பப்போவை முதலில் சொல்ல வேண்டும். யூரல் பகுதியில் 1971இல் பிறந்த அவர், 1992இல் பார்சலோனாவிலும் 1996இல் அட்லாண்டாவிலும் 50 மீட்டர், 100 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 100 மீட்டர் ஒலிம்பிக் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டவர், 1928இல் ஜானி வைஸ்முல்லருக்குப் பின் இவர்தான். அட்லாண்டாவிலிருந்து திரும்பிய சில வாரங்களில் மாஸ்கோத் தெருவில் நேர்ந்த தகராறொன்றில் வயிற்றில் கத்திக்குத்துப் பட்டு உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டே ஐரோப்பியப் பட்டங்களை மீண்டும் வென்றார். சர்க்கஸ் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கோ பப்போவ் என்றால் கட்டம்போட்ட பெரிய தொப்பி அணிந்த அலெக் பப்போவ்தான். 'சூரியக் கோமாளி' என்று அழைக்கப்பட்ட அவர் 1930இல் பிறந்து, 2016 நவம்பரில் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே ரஸ்தோவ் நகரில் காலமானார். விண்வெளி வீரர் லியனீத் பப்போவ், 1980இல் சல்யூத் 6 நிலையத்தில் தொடர்ந்து 185 நாட்கள் தங்கியவர்.

கேள்வி: ரஷ்யக் கடற்படை வரலாற்றில் 'பப்போவ்கா' என்று ஒரு வகைக் கப்பலைப் பற்றிப் படித்தேன். அதுவும் பாதிரியாரோடு தொடர்புடையதா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: அது ஆந்திரேய் அலெக்சாந்திரவிச் பப்போவ் என்ற கடற்படைத் தலைவரின் பெயரால் வந்தது. 1821இல் பிறந்த அவர், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் ரஷ்யக் கப்பற்படையொன்றைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு நடத்திச் சென்றவர். ஆழம் குறைந்த கருங்கடல் முகத்துவாரங்களைக் காக்கப் பெரிய பீரங்கிகளையும் கனத்த கவசத்தையும் தாங்கும் கப்பல் தேவைப்பட்டபோது, கப்பலின் உடலையே வட்டமாகக் கட்டிவிட்டால் ஆழமற்ற நீரிலும் அவ்வளவு எடையைச் சுமக்க முடியும் என்று அவர் வாதிட்டார். அதன்படி ஏறக்குறைய 30 மீட்டர் விட்டத்தில், தட்டுப்போல வட்டமாகக் கட்டப்பட்ட 'நோவ்கரத்' 1873இல் நீரில் இறங்கியது. 'கீவ்' என்று பெயர் சூட்ட எண்ணியிருந்த இரண்டாவது கப்பலுக்கு அவரைப் பெருமைப்படுத்தும் விதமாக 'வைஸ் அட்மிரல் பப்போவ்' என்றே பெயரிட்டனர். வேகத்தில் பின்தங்கியதாலும், திருப்புவது கடினமாக இருந்ததாலும் அந்த வகையில் மூன்றாவது கப்பல் கட்டப்படவில்லை.

மாலுமிகள் அந்த இரண்டு கப்பல்களுக்கும் இட்ட பெயர்தான் 'பப்போவ்கா'. ரஷ்ய வரைபடத்தை விரித்தால் 'பப்போவ்கா' என்ற பெயரில் சிற்றூர்கள் பல தென்படும். அவற்றுள் பல, ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்த பாதிரியாராலோ கோயிலுக்கு உரிய நிலத்தாலோ அப்பெயர் பெற்றவை. வேறு சில, பப்போவ் என்ற பெயருடைய நிலக்கிழாரால் பெற்றவை. எந்த ஊர் எந்த வகை என்பதை அந்தந்த ஊரின் பழைய பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். விளதிவஸ்தோக் நகருக்கு எதிரே கடலிலுள்ள பப்போவ் தீவு மட்டும் ஐயத்துக்கு இடமின்றி இதே கடற்படைத் தலைவரின் பெயரைத் தாங்கியது.